ஆட்டின் தாடியைத் துடைத்தவள்

சுனில்தா தப்பியா என்ற ஆட்டுக்காரி யாரையும் நம்பிக் கெட்டதில்லை, நம்பினால்தானே கெடுவதற்கு. கணவன் செத்தபோதுகூட, நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணி நேரம் பொறுத்துத்தான் அழ ஆரம்பித்தாள் என்று எல்கிப் பள்ளத்தாக்கில் சொல்வார்கள்.

அவளுக்கு நூற்றுப்பத்து ஆடுகள், ஒரு கல் குடிசை. கழுதைமுதுகு மலையின் பின்புறம், பாறையிடுக்கில், ஒரு சுனை. தொட்டியளவு தண்ணீர்தான். அது போனால் ஆடு போச்சு, பாலாடைக்கட்டி போச்சு, சுனில்தாவும் போச்சு. சுனை இருக்கும் இடம் அவளையும் கொழுந்தன் எலியாசரையும் தவிர யாருக்கும் தெரியாது. எலியாசருக்குத் தெரிந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த மலைக்கு ஏறி வந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தவர்கள். ஒருவன் தங்கம் தேடினான், இன்னொருவன் செம்பு தேடினான். தோண்டுவதற்கு முன்னால் இருவருமே தண்ணீர் தேடினார்கள். ஆகவே வண்டியில் வந்திறங்கிய பொறியாளர் வெரோனிக்கா, "நாங்க நட்சத்திரம் பாக்க வந்திருக்கோம்மா" என்றபோது, சுனில்தா மரியாதைக்காக ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். உச்சி வெயில்.

வெரோனிக்கா முக்காலியில் ஒரு பெட்டியை நிறுத்தினாள்.

"இது என்னத்துக்கு?"

"காத்துல எவ்வளவு தண்ணி இருக்குன்னு அளக்கும்மா."

போதாதா?

அன்றிலிருந்து ஆடுகள் சுனையில் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, தாடி வைத்த ஒவ்வொன்றையும் நிறுத்தி, சொட்டும் தாடியைப் பாவாடையால் துடைத்துத்தான் மலையிறக்கினாள். துணியைக் குடிசைக்குள் காயப்போட்டாள். வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. தேநீர் போட்டாலோ தண்ணீர் இருப்பது தெரிந்துவிடும். எனவே வறுத்த கோதுமை மாவை, கரைக்காமல், அப்படியே கிண்ணத்தில் போட்டு நீட்டினாள்.

வெரோனிக்காவுக்குப் புரையேறியது. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"தண்ணியா? நான் கடைசியாப் பாத்தது என் ஞானஸ்நானத்துலதான்."

"மூடுபனியாவது வருமா?"

"ஒரு தடவ வழி தெரியாம வந்துச்சு. தாகமெடுத்துத் திரும்பிப் போயிருச்சு."

வெரோனிக்கா கண் கலங்கக் குறிப்பெழுதினாள். மாவினாலா மகிழ்ச்சியாலா என்று சுனில்தாவுக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் சந்தேகப்பட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் எலியாசர் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"அண்ணி, கெடுத்தீங்களே! அவங்க தேடுறதே தண்ணியில்லாத மலையத்தான். காத்துல ஈரம் இருந்தா தூரத்து வெளிச்சம் மங்கிருமாம். இந்த மலையா, பக்கத்து மலையான்னு யோசிச்சிட்டு இருந்தவங்க, உங்க பேச்சக் கேட்டு இதுதான்னு நிக்கிறாங்க. பேசாம சுனையக் காட்டுங்க. அலறியடிச்சு ஓடிருவாங்க."

"யாரு சொன்னா இதெல்லாம்?"

"அந்தப் பொறியாளரம்மாதான்."

"பாத்தியா? தண்ணி வேண்டாம்னு சொன்னா, நாமளே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவோம்ல? அதான் கணக்கு. உன் மூளைய அளக்குறதுக்குப் பெட்டியே தேவையில்லடா."

சுனையைக் காட்டவில்லை. கழுதைமுதுகின் மேல் தொலைநோக்கிக்கான வெள்ளைக் கூண்டு எழுந்தது. அங்கே இருப்பவர்களுக்குக் குடிக்க, குளிக்க, வாரத்துக்கு ஒருமுறை பள்ளத்தாக்கிலிருந்து லாரி தண்ணீர் சுமந்து முனகிக்கொண்டே ஏறும். நடிப்பு அபாரம் என்று சுனில்தா அதற்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தாள்.

தினமும் விடிந்ததும் கத்தியால் கோடு கீறிய குச்சியோடு சுனைக்குப் போவாள். தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நிற்கும். மூன்று வருடமாக அப்படித்தான்.

"இப்பவாவது நம்புறீங்களா அண்ணி?" என்றான் எலியாசர்.

சுனில்தா குச்சியைத் துடைத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு, மேலே கூண்டைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா ஒரு சொட்டுக்கூட எடுக்கலையேடா. அப்போ எவ்வளவு பெரிய திட்டமா இருக்கும்னு யோசிச்சுப் பாரு."

பிறகு பக்கத்தில் நின்ற கிடாவை இழுத்துப் பிடித்து, அதன் தாடியைத் துடைத்தாள்.