நீலப் புள்ளி மீன்

எழுபதுகளின் கடைசியில் எர்ணாகுளத்தில் விலங்கியல் படித்தேன். மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் போட்டில் போய் வருவேன். விலங்குகளைவிட அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள்தான் என்னை இழுத்தார்கள். கொச்சிக் கடலைக் கண்ணால் பார்க்காமலே, இங்கிருந்து கப்பலில் போன மீன்களுக்கு ஐரோப்பாவில் உட்கார்ந்து இலத்தீனில் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் நிற்க வேண்டும், அதுவும் சீக்கிரம்.

ஒரு நாள் காலையில் ஃபோர்ட் கொச்சியில் சீனவலை இழுக்கும் சேட்டன் ஒருவர், "கறிக்குக் கொள்ளாது மோளே" என்று, குழம்புக்கு ஆகாத ஒரு மீனைச் சும்மாவே கொடுத்தார். உள்ளங்கை நீளம். மஞ்சள் துடுப்பு, உடம்பெங்கும் நீலப் புள்ளி. கல்லூரி நூலகத்தின் பழைய மீன் நூலை விரித்து வைத்துக்கொண்டு முள்ளையும் செதிலையும் எண்ணினேன். ஓர் இனத்தோடு எல்லாம் பொருந்தியது, நிறத்தைத் தவிர. நூலில் இருந்தது வெறும் பழுப்பு மீன். அப்படியானால் இது புது இனம்தான். ஆசிரியை அடுத்த திங்கட்கிழமை பார்ப்பதாகச் சொன்னார்.

மீன் வாசமே ஆகாத வீடு எங்களுடையது. மீன் கெடாமலிருக்க ஊறப்போட்ட ஃபார்மலின் பாட்டில் கொல்லைத் துவைகல்லுக்கு அருகில், அம்மா சுற்றிய செய்தித்தாளுக்குள் ஒரு வாரம் இருந்தது.

கண்டுபிடித்தவர் தன் பெயரை வைத்துக்கொள்வது வழக்கமில்லை. அம்மாவின் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னேன்.

"மீனுக்கா என் பேரு? நாளைக்கு எவனாவது என்னைப் பொரிச்சுத் தின்னேன்னு சொல்லப்போறான்."

அன்று சாயங்காலமே அதைப் பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் காகிதத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு பழுப்பு மீன். புள்ளி இல்லை, மஞ்சளும் இல்லை.

"புள்ளியெல்லாம் போட்லேயே இறங்கிடுச்சா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

ஆசிரியை நூலைத் திறந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். எழுதியவர் பொய் சொல்லவில்லை. சாராயத்தில் ஊறி, மாதக்கணக்கில் கடலில் ஆடி வந்து சேர்ந்த மீனை, தான் பார்த்தபடி எழுதியிருந்தார். எனக்கு அதே நிறத்தைப் பார்க்க ஒரு வாரம் போதுமாயிருந்தது. புள்ளிகளை ஒரு வரிகூட நானும் குறித்து வைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அந்த மீனுக்கு ஏற்கனவே பெயர் இருக்கிறது என்றேன்.

அம்மா அரிந்துகொண்டிருந்த காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாமிகிட்ட நீயே போய்ச் சொல்லிடு," என்றாள்.