பதினெட்டு மெகாபைட்

வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை ஜம்புநாதனுக்கு. டன்னைக் குவிண்டாலாக்குவார், குவிண்டாலை மூட்டையாக்குவார், எல்லாம் மனக்கணக்குதான். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்ன எண்ணை யாரும் சரிபார்த்ததில்லை.

2003 ஜூலையில் அவர் மனைவி பட்டுவுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. அங்கிருந்த டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். சென்னையிலிருந்த பட்டுவின் தம்பி வீரராகவன் ஒரு பெரிய சர்ஜனிடம் பேசிவிட்டுப் போன் செய்தான்.

"ஸ்கேன் படத்தையெல்லாம் இன்டர்நெட்ல அனுப்பிடுங்கோ, அத்திம்பேர். செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்தாப் பாத்துடறேங்கறார். அப்புறம் பத்து நாள் வெளிநாடு போயிடறாராம்."

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத்தான் சி.டி. கைக்கு வந்தது. படங்கள் மொத்தம் பதினெட்டு மெகாபைட் என்றார்கள். அவர் குடியிருந்த டாக்குரியாவில் ஸ்டேஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ரீனாவிடம் லைன் வேகம் என்ன என்று விசாரித்தார். "ஐம்பத்தாறு கே" என்றாள்.

பதினெட்டை ஆயிரத்து இருபத்துநாலால் பெருக்கினார். பதினெட்டாயிரத்துச் சொச்சம் கிலோபைட். ஐம்பத்தாறால் வகுத்தால் ஐந்தரை நிமிஷம். நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

பட்டு கஞ்சி கொஞ்சம் குடித்தாள். அவர் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்த நாழி உக்காந்திருங்கோளேன்."

உட்கார்ந்தார். தலைமுடியைச் சிக்கெடுத்துவிட்டார். அவள் கண்ணயர்ந்ததும் பௌதி என்று அவர்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டுக் கிளம்பினார். அனுப்பத் தொடங்கியபோது மணி நாலேகால்.

பத்து நிமிஷமாகியும் திரையில் பட்டை நகர்ந்ததாகவே தெரியவில்லை. ரீனா வந்து எட்டிப் பார்த்தாள். அவர் போட்ட கணக்கைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"மேசோமஷாய், லைனோட வேகம் கிலோபைட் இல்ல, கிலோபிட். எட்டு பிட் சேந்தாத்தான் ஒரு பைட்டு" என்று சித்தப்பா முறை வைத்து வங்காள மொழியில் சொன்னாள்.

எட்டால் பெருக்கினார். முக்கால் மணி நேரம்.

"அதுவும் முழு வேகத்துல போனா. அனுப்பும்போது அவ்வளவு கிடைக்காது" என்றாள் ரீனா, தாழ்ந்த குரலில்.

ஐந்து மணிக்குப் பாதிகூடப் போயிருக்கவில்லை. சென்னைக்குப் போன் செய்தார். சர்ஜன் கிளம்பிவிட்டிருந்தார்.

எட்டாம் நாள் காலையில் பட்டு போய்விட்டாள்.

ஊர் திரும்பிய சர்ஜன், தாமதமாக வந்து சேர்ந்திருந்த படங்களைப் பார்த்தார். வீரராகவன் போனில் சொன்னான்: "முன்னாடியே பாத்திருந்தாலும் ஆபரேஷன் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாராம், அத்திம்பேர். நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கோ."

"சரிப்பா" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறானா, உண்மைதானா என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கணக்குத் தெரிந்திருந்தால் அன்று மத்தியானம் அவள் கையை விலக்கிவிட்டு ஓடியிருப்பார். அதை நினைத்தாலும் தாங்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்றார். சென்னைக்கே வந்துவிடச் சொல்லி மைத்துனன் எத்தனையோ தடவை கூப்பிட்டான். அவள் படுத்திருந்த வீட்டை விட்டு வர மனசில்லை என்று சொல்லி டாக்குரியாவிலேயே இருந்துவிட்டார்.