அக்காவின் பெயரில் ஓடிய கணினிகள்

அந்த மருந்து மொத்த விற்பனை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவனை எல்லோரும் ‘ஒயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒடிசலான ஆள். எதைக் கேட்டாலும் “அஞ்சு நிமிஷம்” என்பான்.

புதிதாக ப்ராக்ஸி சர்வர் வந்தது. இனி யார் இணையத்துக்குப் போனாலும் அதன் வழியாக, தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத்தான் போக வேண்டும்; யார் எதைப் பார்த்தார்கள் என்பதும் அதில் பதிவாகும். பிரவுசர் சமர்த்தாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. கிடங்கில் ஓடிய சரக்கு மென்பொருளோ எதையும் கேட்காமல், ‘இணைப்பு இல்லை’ என்று முரண்டு பிடித்தது. கிடங்குக்காரர்கள் அவன் உயிரை வாங்கினார்கள்.

கணக்குப் பிரிவு அக்காவின் கணினியைச் சரிசெய்தபோது அவள் கடவுச்சொல் அவனுக்குத் தெரியவந்திருந்தது. சோதித்துப் பார்க்கத்தான் அவள் பெயரைக் கிடங்குக் கணினிகளின் ப்ராக்ஸி அமைப்பில் போட்டான். மென்பொருள் சட்டென்று இணைந்தது; அங்கே பிரவுசரும் பெயர் கேட்பதை நிறுத்திவிட்டது. அப்பாடா என்று அப்படியே விட்டுவிட்டான்.

அடுத்த மாதம் மேனேஜர் அக்காவையும் அவனையும் அழைத்தார்.

“ஏம்மா, வேலை நேரத்துல நாள் முழுக்கப் படம் பாத்திருக்கீங்க?”

“நானா? எனக்குத் தலை நிமிரவே நேரமில்ல சார்!”

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். “ப்ராக்ஸி தப்பாக் காட்டுமாப்பா?”

அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான்: “காட்டாது சார்.”

அக்கா அவனையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. விறுவிறுவென்று வெளியே போனாள்.

மதியம் அவள் சாப்பாட்டைத் திறக்கவில்லை. அவனுக்கும் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் கிழிகிழி என்று கிழித்துவிட்டு, “எல்லார் முன்னாடியும் சொல்லு” என்றார். சொன்னான். அவள் பெயரில் படம் ஓட்டிய கிடங்குக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவனுக்குக் காது மடல் வரை எரிந்தது.

“கேட்டிருந்தா நானே போட்டுக்கோன்னு சொல்லியிருப்பேன்டா,” என்றாள் அக்கா. “பக்கத்துலயே நின்னுக்கிட்டு ‘காட்டாது’ன்னியே, அதத்தான் என்னால தாங்க முடியல.”

மறுநாள் அக்காவின் பெயரை எடுத்துவிட்டு, கிடங்குக்கென்று தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி, அவற்றை ப்ராக்ஸி முகவரியோடு மென்பொருளுக்குள்ளேயே கொடுத்தான். அரை மணி நேர வேலைதான் அது. இப்போதும் மேல்தளத்துக்குப் போக, கணக்குப் பிரிவைத் தாண்டாமல் பின்படிக்கட்டில் சுற்றித்தான் போகிறான்.