அட்டையில் ஏறிய மூன்று

தையல்காரியின் வாய்க்குத் தெருவே பயப்படும். துணி கொடுக்க வருகிறவர்கள் "எப்பம்மா கிடைக்கும்?" என்று இரண்டு முறை கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்டவள், பக்கத்து கிளினிக்கில் நர்ஸ் "இது எத்தனையாவது?" என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "மூணாவது" என்றாள்.

உண்மையில் ஆறாவது.

போன பிரசவத்தில், வேறொரு ஆஸ்பத்திரியில், "வருஷா வருஷம் வந்துடுறியே, உனக்கு வேற சோலியே இல்லையா?" என்று ஒருத்தி வார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்துவிட்டது. அதனால் இம்முறை புது இடம், புது அட்டை, புதுப் பொய்.

எட்டாம் மாதம் அதே கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நின்றவளிடம் நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அஞ்சு பெத்தாச்சு இல்ல? கர்ப்பப்பை தளர்ந்திருக்கும்மா. குழந்தை வந்தப்புறம் அது இறுகணும். இறுகலைன்னா ரத்தம் நிக்காது. இங்க ரத்தம் கிடையாது. நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

தையல்காரியும் அஞ்சு பெற்றவள்தான். அடுத்து அவள் முறை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நர்ஸ் அட்டையைப் பார்த்து, "மூணாவதுதானே, உங்களுக்குக் கவலையில்ல" என்றாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து பழைய பாவாடைக்கு எலாஸ்டிக் மாற்ற உட்கார்ந்தாலே நர்ஸ் சொன்னதுதான் ஞாபகம் வரும். தொளதொளத்ததை இழுத்துப் பார்ப்பாள். இழுத்த இடத்திலேயே நிற்கும்.

மூன்று வாரம் முன்னதாகவே, ஒரு காலை, மெஷினில் கால் வைத்தபோது வலி எடுத்தது. நாத்தனார் வண்டி பிடித்து வந்தாள்.

"பதறாதடி. அஞ்சு பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா? தும்முனா வந்துடும்."

தையல்காரி சிரிக்கவில்லை. தெருமுனையில் வண்டி கிளினிக் பக்கம் திரும்பியது.

"நேரா போகச் சொல்லுங்க அண்ணி. பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"அரை மணி நேரம் ஆகும்டி! கிளினிக்ல அட்டை இருக்கு, உன்னைத் தெரியும்."

"அவங்களுக்கு என்னைத் தெரியாது. மூணாவதுன்னு பொய் சொல்லிட்டேன். ரத்தம் நிக்காம போச்சுன்னா அஞ்சும் உங்க தலையிலதான். போகச் சொல்லுங்க!"

நாத்தனார் முன்னால் குனிந்து, "நேரா போப்பா, மிதி" என்று கத்தினாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் ஸ்ட்ரெச்சரைச் சுற்றி முன்பின் தெரியாத கூட்டம். அதில் ஒரு டாக்டரம்மா அட்டையை வாங்கினாள்.

"மூணாவதா?"

"ஆறாவது. அட்டையில இருக்கிறது பொய். சிரிக்கிறதுன்னா அப்புறமா சிரிச்சுக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. இரண்டு கையிலும் ஊசி ஏறியது. ரத்தம் எடுத்துக்கொண்டு ஒருத்தி ஓடினாள்.

குழந்தை சீக்கிரமே வந்தது. பெண். இரண்டு சாண்கூட இல்லை. அழவில்லை. மூலையில் துடைத்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. தையல்காரி மூச்சு விடுவதற்குள் தொடைக்கடியில் சூடாக நனைந்தது. நனைந்துகொண்டே இருந்தது.

"இறுகல" என்றாள் டாக்டரம்மா. அவள் கை அடிவயிற்றை மாவு பிசைவது போல அழுத்தியது. இன்னொரு ஊசி. தலைக்கு மேல் ரத்தப் பை தொங்கியது. விளக்கு மங்கியது. காது அடைத்தது.

"நின்னுச்சா?"

டாக்டரம்மாவின் கை இன்னும் பலமாக அழுத்தியது.

"டாக்டரம்மா, நின்னுச்சா?"

"இப்பதான் இறுகுது. பேசாம இரு."

தையல்காரி தன் கையை அந்தக் கை மேல் வைத்தாள். அதன் அடியில் வயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"கையை எடுத்துடாதீங்க."

"எடுக்கல."

"குழந்தை?"

"அங்க அழுவுது பாரு."

"நீங்க கையை எடுக்காதீங்க."