விசாரிக்காமல் வந்த கடிதம்

அந்தக் கடிதம் பழுப்பு உறையில் வந்தது. ஒட்டிய இடத்தில் சிவப்பு அரக்கு, அதன்மேல் பேராயரின் முத்திரை. பிள்ளைகளே, தாமுவேயில் நம் ஆலயத்துக்கு நான் அப்போது கமிட்டிச் செயலாளர். நம்முடையது நாலே ஆலயங்கள் கொண்ட சின்ன சபை. அதற்கு ஒரு பேராயர். பிரித்தால், உள்ளே உங்கள் அத்தையின் பெயர்.

என் தங்கை அப்போது லைங் தாயாவில் தையல் ஃபாக்டரியில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த பர்மியப் பெண்ணின் மகனுக்கு ஷின்பியூ, அதாவது பையனை இளவரசன் மாதிரி ஜோடித்து, ஊர்வலமாகப் புத்த மடத்துக்குக் கூட்டிப்போய்த் துறவு கொடுக்கும் சடங்கு. அந்த ஊர்வலத்தில் உங்கள் அத்தை கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, பையனுக்குப் பொற்குடை பிடித்து நடந்ததை நம் சபையார் ஒருவர் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டார். பார்த்தது குடையை. பேராயருக்கு எழுதிப் போட்டதோ விக்கிரக ஆராதனை என்று! பேராயர் அவளைக் கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கும்வரை அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது என்று எழுதிவிட்டார்.

ஞாயிறு ஆராதனையில் அதை வாசிக்க வேண்டியவர் உபதேசியார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு கண்ணாடி வைத்திருப்பார், இரண்டிலும் ஒரு பக்கக் கம்பி உடைந்திருக்கும். ஆதித் திருச்சபையின் சரித்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார்.

"இதை வாசிக்க எனக்கு வாய் வராது, செயலாளரே. அந்தப் பிள்ளையை யார் விசாரிச்சா?"

"பேராயர் சொன்னா நாம கேட்கணும்ல, ஐயா?"

"ரோம ராஜாவுக்குப் பயந்து நிஜமாவே சிலைக்குத் தூபம் போட்டவங்க இருந்தாங்க. அவங்களையே ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, சபையையும் பக்கத்தில வெச்சுக்கிட்டு விசாரிச்சாங்க அந்தக் காலத்துப் பேராயருங்க. இவ குடை புடிச்சிருக்கா. உம்ம பேராயருக்கு அவ்வளவு அவசரமா?"

அவர் சும்மா சொல்லவில்லை. வழக்கைத் திங்கட்கிழமை கேட்க வேண்டும், ஞாயிறுக்குள் சமாதானம் ஆகட்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒழுங்கு வைத்திருந்தார்களாம். இரண்டு பக்கமும் எதிரில் நிற்காமல் தீர்ப்புக் கூடாதாம். ஒரு பேராயர் அற்பக் கோபத்தில் யாரையாவது விலக்கினாரா என்று மற்றப் பேராயர்கள் கூடி விசாரிக்க வேண்டும் என்று நிசேயாவில் கூடிய பேராயர்கள் சங்கமே விதித்ததாம். அதிகாரம் பெரிது என்று தெரிந்துதான் கடிவாளமும் போட்டார்கள். நம் பேராயர் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கடிதத்தை வாசித்தது யார்? நான்தான். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கூடப்பிறந்தவளின் பெயரை என் வாயாலேயே வாசித்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வெளியே போனாள். திரும்பி வரவே இல்லை. கீழ்ப்படியவில்லை என்று உபதேசியாரை அந்த மாதமே வேலையிலிருந்து எடுத்தார்கள். அதையும் யாரும் விசாரிக்கவில்லை.

போன மாதம்தான் அவள் வீட்டுக்குப் போய், அன்று என்னதான் நடந்தது என்று கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பையனுக்கு அப்பன் செத்துப்போயிட்டான், அண்ணே. குடை புடிக்க வேண்டிய மாமன்காரன் வரலை. ஆத்தாக்காரி அழுதா. வெயிலா இருந்துச்சு, நான் புடிச்சேன். நாம ஒரே வீட்டுலதானே இருந்தோம், அன்னைக்கே கேட்டா சொல்லியிருப்பேனே."

ஒரு நிமிஷப் பேச்சு. இதைக் கேட்கப் பேராயருக்கும் நேரமில்லை, அண்ணனுக்கும் நேரமில்லை!

இப்போது வந்திருக்கும் பேராயருக்கு எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அவளுக்கு மன்னிப்புத் தேவையே இல்லை. விசாரணை கேட்டிருக்கிறேன், உபதேசியாருக்கும் சேர்த்து. பதில் வரும்வரை நானும் திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை. உங்கள் அப்பா ஏன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார், யார் தடுத்தார்கள் என்று சபையில் கேட்பார்கள். யாரும் தடுக்கவில்லை, அத்தைக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று சத்தமாகவே சொல்லுங்கள்.