அப்பா போடாத சப்பாத்து

பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே எனக்குக் கொடிகளின் நினைப்புத்தான். கினிகத்தேனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் எங்கள் பொலித்தீன் பயிர்க் கூடாரத்துக்குள் ஓடி, வாசலோர வரிசையில் நிற்கும் முலாம்பழக் கொடிகளைப் பார்ப்பேன். இலைகள் துவண்டு தொங்கும். சாயந்தரம் மறுபடி நிமிர்ந்துவிடும். அதைப் பார்த்த தெம்பில் எல்லோரும் சிரித்துப் பேசிச் சோறு சாப்பிடுவோம். மறுநாள் மத்தியானம் இன்னும் சில கொடிகள் சேர்ந்து தொங்கும்.

அந்தக் கூடாரத்தை நம்பித்தான் அப்பாவும் அம்மாவும் கொட்டகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு, தோட்டத்து லயத்து வீட்டையும் காலி செய்துகொண்டு வந்திருந்தார்கள். பழம் கைகொடுக்காவிட்டால் அம்மா மறுபடி கொழுந்துக் கூடையை மாட்ட வேண்டியதுதான். மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு வீடு வரும் அம்மாவைத் திரும்பவும் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. என்னுடைய விவசாய அறிவெல்லாம் அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அது நோய் தாங்கும் விதை. “வாடல் நோய் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதுங்க” என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். வாடலிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நடவு நாளில் அம்மா ஒரு சீலைத் துணி மூட்டையை அவிழ்த்தார். லயத்துக்குப் பின்னால் அவர் வெள்ளரி போட்டிருந்த இடத்து மண். வீடு மாறும்போது மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைசியாகப் போட்ட வெள்ளரி பாதியிலேயே காய்ந்துபோனது உண்மைதான். அதற்கு வெயிலைத் திட்டிவிட்டு விட்டுவிட்டோம். “நம்ம மண்ணு கொஞ்சம் அடியில கெடந்தாத்தான் வேர் பிடிக்கும்” என்று குழிக்கு ஒரு பிடி போட்டுக் கும்பிட்டார் அம்மா. வாசலோர வரிசையோடு மூட்டை தீர்ந்துவிட்டது. அம்மாவோடு கூடவே அந்த மூட்டையை ஏந்திக்கொண்டு நடந்த எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாடல் அடுத்த வரிசைக்குத் தாவியதும் அப்பா ஆள் பிடித்து, பல்கலைக்கழகத்தில் பயிர் நோய்களை ஆராயும் ஒரு மிஸ்ஸை வரவழைத்தார். அவர் தண்டைக் கிழித்து, உள்ளே ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டிவிட்டுச் சில துண்டுகளை எடுத்துப்போனார். முடிவு சொல்ல அவர் மறுபடி வந்தபோது நான் அப்பா பக்கத்தில் நின்றேன். அம்மா உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வெளிய பாத்தா எல்லா வாடலும் ஒண்ணு மாதிரித்தாங்க இருக்கும்” என்றார் மிஸ். “பூஞ்சணத்தோட மரபணுவப் பாத்தாத்தான் அதுல எத்தனையோ வகை இருக்கறது தெரியும். உங்க விதை இந்தப் பக்கத்து வகையத் தாங்கும். இங்க வந்திருக்கறது வேற. மேல கொட்டகலைப் பக்கம் வெள்ளரியில நாங்க கண்ட வகை இது, முலாம்பழத்தையும் பிடிக்கும். அங்கேருந்து மண்ணு ஏதாச்சும் கொண்டாந்தீங்களா?”

உள்ளே கோப்பைச் சத்தம் நின்றது.

எனக்கு விடை தெரியும். வகுப்பில்கூட இவ்வளவு சுலபமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

“என் சப்பாத்துதாங்க மிஸ். தோட்டத்துல மருந்தடிக்கிறப்போ போட்டது. கழுவாம அப்படியே போட்டுக்கிட்டு உள்ள வந்துட்டேன்.”

அந்த ரப்பர் சப்பாத்து இங்கே வந்த நாள் முதல் சாக்குக்குள்தான் கிடந்தது. அப்பா கூடாரத்துக்குள் வெறுங்காலோடுதான் நடப்பார். மிஸ்ஸுக்குப் பயந்து பொய் சொல்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கொடிகளையெல்லாம் பிடுங்கி எரித்தோம். அம்மா பக்கத்துக்காரர் ஒருவரின் சிறிய தேயிலை நிலத்துக்குக் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கினார். நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அப்பா அந்தச் சப்பாத்தைச் சாக்கிலிருந்து எடுத்தார். அம்மா வேலைக்குப் புறப்படும் நேரம் பார்த்து வாசலில் உட்கார்ந்து அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு பொட்டு மண்ணு இல்லயே, எதுக்குப்பா கழுவுறீங்க?”

அப்பா இன்னும் அழுத்தித் தேய்த்தார். கூடையை மாட்டிக்கொண்டு நின்ற அம்மா அதை இறக்கி வைத்தார். பக்கத்தில் வந்து குந்தி, வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு சப்பாத்தின் மேல் ஊற்றினார். அப்பா தேய்த்தார், அம்மா ஊற்றினார். சுத்தமாக இருந்த சப்பாத்தைப் போட்டு இவ்வளவு நேரம் கழுவுகிறார்களே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. என்னை ஏற்றிவிட வேண்டிய பள்ளிக்கூட பஸ் போய்விடப் போகிறது என்று அம்மாவிடம் கத்தினேன்.