வாப்பாவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற கல்யாணம்

பகிடி சொல்லிப் பேரெடுத்த மனிதரின் மகன் தானும் பகிடி சொல்லப் புறப்படக் கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வார நாட்களில் கல்முனைக் காரியாதிகாரியின் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர். கல்யாண நாட்களில் பகிடிக்காரன். முதலாவது வேலையில் பதவி உயர்வுக்கு விதி இருந்தது. இரண்டாவதில் அதுவும் இல்லை.

வாப்பாவைப் பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை தெரியும். அவருடைய சீவனம் வயல். புகழ் கல்யாண வாசல். எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அவரை ஊர்வலமாக அழைத்துப் போனால், பெண் வீட்டார் வாசலில் ஒரு சேலையைக் குறுக்கே பிடித்து மறிப்பார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளையின் குடிக்கு, அதாவது குலத்துக்கு, ஒருவர், அந்தப் பக்கம் பெண்ணின் குடிக்கு ஒருவர் நின்று மாறி மாறிக் கிண்டலடிக்க வேண்டும். தீர்ப்பு வளவுக்குள் மறைப்புக்குப் பின்னால் இருக்கும் பெண்களுடையது. அவர்கள் சிரித்து, எதிராளி பதிலின்றி நின்றால் சேலை இறங்கும். யார் வென்றாலும் மாப்பிள்ளை உள்ளே போய்விடுவார். பின்னாளில் நான் பார்த்த அரசாங்க விசாரணைகள் பலவும் இப்படித்தான் முடிந்தன.

வாப்பா தொண்டையைச் செருமினாலே மறைப்புக்குப் பின்னால் சிரிப்பு தொடங்கிவிடும். எனக்கு அவருடைய மூக்கும் புருவமும் அப்படியே வாய்த்திருந்தன. நான் எழுந்து நின்றதும் சனம் சிரிக்கத் தயாராகும். நான் பேசியதும் அந்தத் தயாரிப்பு கலையும். பிறகு யாராவது தோளில் தட்டுவார்.

"அவர்ர மகன்தானே?"

"ஓம்."

"பறவாயில்ல. ஆனா வாப்பா சொன்னா அது வேற."

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். மறைப்புக்குப் பின்னாலிருந்து எனக்காக ஒரு சிரிப்பு வர வேண்டும். அதற்குப் பிறகு வாப்பாவின் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

ஒரு மாரியில் வாப்பாவுக்கு மூச்சு இழுப்பு கண்டது. நாலு சொல் சேர்த்துச் சொன்னால் இருமல் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துச் சாய்ந்தமருதில் ஒரு பெரிய கல்யாணம். மாப்பிள்ளை வாப்பாவின் குடி. அந்தக் குடிக்குப் பள்ளிவாசலில் பொறுப்பாக இருந்த மரைக்கார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பாவுக்குப் பதிலாக யார் நிற்பது என்று பேசத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மாற்றுச் சாரன் உடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"மருமகன் நிக்கட்டும்" என்றார் மரைக்கார் வாப்பாவிடம்.

"நான் இரிக்கன் மரைக்கார்."

"நீ இரிக்காய் மனே, இல்லெண்டு சொல்லல்ல. நீ உங்கட உம்மாட குடியெல்லவா? வாப்பாட இடம் அவர்ர சகோதரிர மகனுக்குத்தான் போகும்."

"மச்சான் சிரிச்சதையே நான் காணல்லையே."

"அவரச் சிரிக்கச் சொல்லி ஆர் கேட்ட? நிக்கச் சொல்லித்தான் கேக்கம்."

குடி தாய்வழியில்தான் வரும். இது நான் அறியாத விதியல்ல. குடிப் பிரச்சினையோடு கந்தோருக்கு வந்தவர்களுக்கு நானே விளங்கப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். மூக்கைத் தந்த மனிதர் வாசலைத் தர முடியாது. வாப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் விதி என்றால் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். பெண் யாருடைய குடி என்று விசாரித்தேன். என் உம்மாவின் குடி. நேரே எங்கள் குடியின் மரைக்காரிடம் போய், பெண் பக்கத்துக்கு நான் நிற்கிறேன் என்றேன். அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"வாப்பாவுக்கு எதிராவா?"

"வாப்பா நிக்கல்லையே. மச்சான்தானே நிக்கார்."

"சரி, நில்லு. ஒண்டு மட்டும், வாப்பாவ வெக்கப்படுத்திப் போடாத."

நான் வெட்கப்படுவதைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் வந்தது. மச்சான் நெல் ஆலையில் மூடை நிறுப்பவர். சேலைக்கு அந்தப் பக்கம் தானும் ஒரு மூடையைப் போல வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு வாப்பாவை இருத்தியிருந்தார்கள். நான் தொடங்கினேன்.

"மாப்பிள்ளைய உள்ள எடுக்கிறதுக்கு முதல் ஒண்டு கேக்கணும். ஆள் சோறு எவ்வளவு தின்பார்?"

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் சேலையின் கரையைப் பார்த்தார். அப்போது வாப்பா அவருடைய சாரனைப் பின்னால் பிடித்து இழுத்தார். மச்சான் குனிந்தார், கேட்டார், நிமிர்ந்தார். பாடம் ஒப்புவிக்கும் பிள்ளையைப் போலச் சொன்னார்:

"இவரு வெளிக்கிட்ட பிறகுதான் எங்கட ஊட்டுப் பூன வகுறு நிறையத் திண்டு படுத்திருக்கு."

மறைப்பு அதிர்ந்தது. பெண்கள் குரவையும் இட்டார்கள். நான் அடுத்ததைச் சொன்னேன். மச்சான் குனிந்தார், நிமிர்ந்தார், மறைப்பு மறுபடியும் அதிர்ந்தது. மச்சானை வெல்ல வந்த நான் மீண்டும் வாப்பாவிடமே தோற்றுக்கொண்டிருந்தேன். பாடமாக்கி வந்தவை தீர்ந்துபோயின. களைப்பில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மச்சான், வாப்பாட வாசல் உங்கட குடிக்கெண்டாங்க, தந்திட்டம். வாப்பாட பேச்சு உங்கட குடிக்கெண்டாங்க, அதையும் தந்திட்டம். முறையெண்டா முறதானே? அவர்ர இருமலும் உங்கட குடிக்குத்தான். இண்டைக்கு ராவைக்கு அது உங்கட ஊட்டதான் இருமணும்."

மச்சான் பதிலுக்காகக் குனிந்தார். வாப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. மறைப்புக்குப் பின்னால் பெரும் சிரிப்பு. மச்சான் குனிந்தபடியே நின்றார். சேலை இறங்கியது. மாப்பிள்ளை என்னைத் தாண்டி உள்ளே போனார். அன்று சோறு எனக்கு நன்றாக இறங்கியது.

திங்கட்கிழமை கந்தோரில் பியோன் என் மேசைக்கு வந்தார்.

"வாப்பா என்ன நடிப்புத் தம்பி! மகன் வெல்லட்டுமெண்டு இருமின மாதிரிக் காட்டி விட்டுக் குடுத்தார் பாருங்க. அந்த மனசு ஆருக்கு வரும்?"

பின்னேரம் சந்தையிலும் அதே கதை. பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்த ஒருவர், அந்த இருமலை மட்டும் எனக்கு நடித்துக் காட்டினார். அசலைவிட நன்றாக இருந்தது.

வீட்டுக்குப் போய் வாப்பாவிடமே கேட்டேன்.

"நடிச்சீங்களா?"

"நடிக்க மூச்செங்க மனே இரிக்கி? சிரிப்பு வந்திச்சி. அதோட இழுப்பும் வந்திட்டு."

"அப்ப பகிடி நல்லமா?"

"நல்லம். கடைசியக் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லியிரிக்கலாம்."

"அத ஊருக்குச் சொல்லுங்களன் வாப்பா."

அவர் மூச்சை எடுத்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் மறக்கவில்லை.

"நான் சொன்னா, மகனுக்காகச் சொல்றான் எண்டுதான் கதைப்பானுகள்."

நெருங்கிய உறவினரின் சாட்சியத்துக்கு எந்தக் கந்தோரிலும் அவ்வளவுதான் மதிப்பு.

அதற்குப் பிறகு நான் எந்த வாசலிலும் நிற்கவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு எங்கள் மரைக்கார் வந்து கேட்டபோது, கந்தோரில் வேலை கூட என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். வாப்பாவுக்கு இப்போது எப்படி, மழை விட்டால் எழும்பி எதிர்ப்பக்கத்துக்கு நிற்பாரா என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்.